பழைய அம்பாசிடருக்கு புது சைலன்சர் செட் மாட்டுறது: முதல் தடவை பண்றவங்களுக்கு

பழைய பெட்ரோல் அம்பாசிடர் வச்சிருக்கவங்க சைலன்சர் ஓட்டையாச்சுன்னா வழக்கமா என்ன பண்ணுவாங்க, பக்கத்து வெல்டிங் கடைல விட்டு ஒரு தகடு வச்சு ஒட்டிட்டு வந்துடுவாங்க. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஓட்டை விழும், ஏன்னா தகடு வச்ச இடத்தைச் சுத்தி இருக்க இரும்பு ஏற்கனவே உள்ள இருந்தே அரிச்சுப் போயிருக்கும், வெல்டிங் பிடிக்கவே அங்க இரும்பு இருக்காது. ஒரு கட்டத்துல முழு செட்டையும் மாத்தித்தான் ஆகணும். அந்தக் கட்டத்துக்கு வந்து, சரி நாமளே பண்ணிப் பார்ப்போம்னு வண்டிக்கு அடில படுக்கப் போறவங்களுக்குத்தான் இது. நான் சொல்றது எல்லாம் 1489 சிசி பிஎம்சி பெட்ரோல் எஞ்சின் வண்டிய மனசுல வச்சு. இசுசு 1800க்கு மேனிஃபோல்டு, அதாவது எஞ்சின்ல இருந்து புகையைச் சேர்த்து பைப்புக்குக் குடுக்குற வார்ப்பு இரும்புக் குழாய், வேற, ஆனா மாட்டுற முறை மாறாது, பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வச்சிருக்கவங்களும் இதையே எடுத்துக்கலாம்.

ஆரம்பத்துலயே ஒண்ணு மண்டைல ஏத்திக்கங்க. சைலன்சர் லைன் தொங்கணும். அதை வண்டியோட சேர்த்து இறுக்கிப் பூட்டக் கூடாது. முன் பக்கம் எஞ்சினோட சேர்ந்து ஆடுது, நடுவுல சூட்டுல நீளுது, பின் பக்கம் பாடியோட போகுது, மூணும் மூணு விதமா அசையுது. கணக்குப் போட்டுப் பாருங்க, 3 மீட்டர் இரும்பு பைப் 300 டிகிரி சூடு ஏறுச்சுன்னா கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் நீளும், 304 ஸ்டெயின்லெஸ்னா 1.5 சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு நீங்க இடம் விடலைன்னா அதுவே இடம் தேடிக்கும், ஒண்ணு வெல்டிங் விரியும், இல்லைன்னா மேனிஃபோல்டுல போல்ட் போடுற காது உடையும், எது விலை கம்மியோ அது உடையும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க. புதுசு மாட்டி ஆறு மாசத்துல உடைஞ்சுடுச்சு, சரக்கு மட்டம்னு புலம்புற கேஸ்ல நிறைய இழுத்துப் பிடிச்சு மாட்டினதால வந்ததுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

சத்தம் வருதுன்னு சொன்ன உடனே சைலன்சர் வாங்க ஓடாதீங்க. காலைல எஞ்சின் நல்லா குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி பானெட்டைத் தூக்கிக் கேளுங்க. டிக் டிக் டிக்னு ஒரு சத்தம் எஞ்சின் வேகத்தோட கூடுது, சூடானதும் குறையுதுன்னா மேனிஃபோல்டு பேக்கிங் (ஜாயின்ட்ல காத்து கசியாம நடுவுல வைக்கிற அட்டை) போயிருக்கலாம், இல்ல மேனிஃபோல்டுல மயிரிழை விரிசல் இருக்கலாம், சூட்டுல இரும்பு விரிஞ்சு அந்த இடைவெளியை மூடிக்கும் அதான் சத்தம் குறையுது. வால்வை இயக்குற டேப்பட் சத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேக்கும், ஏமாந்துடாதீங்க, ஒரு நீள ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனைய காதுல வச்சு இன்னொரு முனைய ஜாயின்ட் ஜாயின்டா நகர்த்துனா எங்க இருந்து வருதுன்னு தெளிவா தெரிஞ்சுடும். ஓடும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பட் பட்னு வெடிக்குதுன்னா, எங்கயோ வெளிக்காத்து உள்ள போய் எரியாம வந்த பெட்ரோலோட சேர்ந்து பைப்புக்குள்ளயே எரியுதுன்னு அர்த்தம், அதுவும் பெரும்பாலும் முன் பக்கத்து லீக்தான்.

அடுத்து எஞ்சின் மவுண்டிங் ரப்பர். இதை யாரும் பார்க்க மாட்டாங்க. பானெட்டைத் திறந்து வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போது கியர்ல போட்டு ஒருத்தரை கிளட்சை லேசா விட்டுப் பிடிக்கச் சொல்லி எஞ்சின் எவ்வளவு சாயுதுன்னு பாருங்க, அந்த நேரத்துல வண்டிக்கு நேர் முன்னாடி மட்டும் நிக்காதீங்க, பக்கவாட்டுல நின்னு பாருங்க. மவுண்டிங் அமுங்கிப் போயி எஞ்சின் ஒரு பக்கமா உக்காந்திருந்தா புது பைப் எவ்வளவு சரியா வளைச்சிருந்தாலும் சேராது, சேர்ந்தாலும் எஞ்சின் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் முன் பைப்பைப் பிடிச்சு முறுக்கும். மவுண்டிங் போயிருந்தா முதல்ல அதை மாத்துங்க, சைலன்சர் காத்திருக்கட்டும்.

இன்னொண்ணு, உங்க பழைய சைலன்சர் டப்பா எப்படி அரிச்சிருக்குன்னு பாருங்க. 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா அதுல இருந்து சுமார் 1 லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது, நம்பக் கஷ்டமா இருக்கும் ஆனா உண்மை. நீளமா ஓட்டுனா பைப் முழுக்க சூடாகி அது ஆவியாவே போயிடும். கோயிலுக்கும் கடைக்கும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிட்டு கவர் போட்டு மூடி வச்சீங்கன்னா பின்னாடி இருக்க டப்பா சூடே ஆகாது, தண்ணி அங்கயே தங்கி அமிலம் கலந்து உள்ள இருந்து தின்னும். அதனாலதான் ஷோவுக்கு மட்டும் எடுக்கிற வண்டிங்கள்ல சைலன்சர் சீக்கிரம் போகுது, தினமும் ஓடுன டாக்சில நல்லா உழைச்சுது. உங்க வண்டி இந்த ரகம்னா கொஞ்சம் கூட செலவு பண்ணி நல்ல மெட்டீரியல் வாங்குறதுல அர்த்தம் இருக்கு.

எதை வாங்குறது

சாதா இரும்பு, அலுமினியம் பூசின இரும்பு, ஸ்டெயின்லெஸ், இந்த மூணுதான். சாதா இரும்பு விலை கம்மி, சத்தமும் பழைய வண்டி சத்தம் மாதிரியே வரும், ஆனா சீக்கிரம் போகும். அலுமினியம் பூசினது நடுத்தரம், வெல்டிங் பண்ண இடத்துல பூச்சு போயிடும்ங்கிறதால அந்த இடத்துக்கு மட்டும் சூடு தாங்குற பெயின்ட் அடிச்சுக்கணும். ஸ்டெயின்லெஸ்ல ரெண்டு இருக்கு, 409 விலை கம்மி, மேலாப்புல லேசா துரு பிடிக்கும் ஆனா ஓட்டை விழ நாளாகும், 304 பளபளன்னு இருக்கும் வருஷக் கணக்கா வரும், ஆனா மேல சொன்ன மாதிரி அதிகமா நீளும், அதுக்கு இடம் விடணும். சத்தத்துலயும் ஒரு தகர ஓசை வரும், சிலருக்குப் பிடிக்காது, எனக்கும் அம்பாசிடர்ல அது ஒட்டாது.

சில இடத்துல மலிவா இருக்குன்னு தண்ணி லைனுக்குப் போடுற ஜிஐ பைப்பை வளைச்சுப் பண்ணிக் குடுப்பாங்க. வேணாம். அதை வெல்டிங் பண்ணும்போது வர்ற வெள்ளைப் புகை துத்தநாகப் புகை, மூச்சுல போனா ராத்திரி காய்ச்சல் குளிர் எல்லாம் வரும், வெல்டர் அண்ணனுக்கும் கேடு பக்கத்துல நிக்கிற உங்களுக்கும் கேடு. எடையும் அதிகம், அந்த எடையை சைலன்சரைத் தொங்க விடுற ஹேங்கர் ரப்பர் தாங்கணும்.

பழைய செட் எவ்வளவு துருப்பிடிச்சிருந்தாலும் புதுசு மாட்டி முடியுற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க, காயலான் கடைக்காரர் வாசல்ல வந்து நின்னாலும் சரி. அதுதான் உங்க அளவு. சென்னைல ஜிபி ரோடு, புதுப்பேட்டை பக்கம் ரெடிமேட் செட் தேடலாம், கிடைக்கலைன்னா சைலன்சர் பண்றவங்ககிட்ட பழசைக் குடுத்து அதே வளைவுல பண்ணச் சொல்லலாம். அப்படிப் பண்ணும்போது வெர்னியர் வச்சு வெளி அளவு, உள் அளவு ரெண்டும் எழுதிக்கங்க, தகடு 1.6 மில்லிமீட்டர் அதாவது 16 கேஜ் கேளுங்க, 18 கேஜ் லேசா இருக்கும் வளைக்க வசதின்னு அதைத்தான் தள்ளப் பார்ப்பாங்க. வளைவுல பைப் சப்பி நசுங்கி இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. ஒரு சந்தேகம் மட்டும் எப்பவும் வச்சுக்கங்க: உங்களுக்கு முன்னாடி வண்டி வச்சிருந்தவர் ஏற்கனவே ஏதாவது மாத்தி வச்சிருக்கலாம், அப்ப பழசு காட்டுற வளைவும் தப்பாத்தான் இருக்கும். அதே வருஷ மாடல் இன்னொரு வண்டி தெரிஞ்சவங்ககிட்ட இருந்தா அடில படுத்து நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க.

பெரிய பைப் போட்டா பவர் வரும்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார். இந்த எஞ்சின்ல நாலு சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் ஓட்டை மூணுதான், நடு ரெண்டு சிலிண்டரும் ஒரே ஓட்டைய பங்கு போட்டுக்குது, நெரிசல் சிலிண்டர் ஹெட்லயே இருக்கு. பின்னாடி பைப்பை அகலமாக்கினா சத்தம் கூடும், அவ்வளவுதான்.

டப்பா, பைப் வாங்குறப்பவே கூட வாங்க வேண்டியது: மேனிஃபோல்டு பேக்கிங், முன் பைப் ஜாயின்ட் பேக்கிங், எல்லா ஹேங்கர் ரப்பரும், எல்லா கிளாம்ப்பும், மேனிஃபோல்டுக்கு பித்தளை நட்டு. பழைய ரப்பர் நல்லாத்தான் இருக்குன்னு தோணும், விரலால மடக்கிப் பாருங்க, கீறல் தெரியும். யு கிளாம்ப்பை விட பட்டை கிளாம்ப் கிடைச்சா நல்லது, யு கிளாம்ப் பைப்பை ஒரே இடத்துல நெளிச்சுப் பிடிக்கும், அடுத்த தடவை கழட்டும்போது அந்த நெளிவு வெளியவே வராது.

வண்டியத் தூக்குறது

ஜாக்கிய மட்டும் நம்பி அடில போகாதீங்க, எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஹாலோ பிளாக், செங்கல் மேல நிறுத்தாதீங்க, அது சொல்லாம கொள்ளாம ஒரே நொடில நொறுங்கும். ஸ்டாண்டு வேணும், கெட்டியான சிமெண்ட் தரை வேணும், கழட்டுன சக்கரத்தை கதவுக்குக் கீழ இருக்க பாடி விளிம்புக்கு (சில்) அடில படுக்க வச்சுடுங்க, எல்லாம் போனாலும் அது ஒண்ணு உயிரைக் காப்பாத்தும். சர்வீஸ் ஸ்டேஷன்காரர் பழக்கம்னா ஞாயித்துக்கிழமை பிட் மேல ஏத்திக்கங்க, அது இன்னும் வசதி.

பின் பக்கம் ஸ்டாண்டை எங்க வைக்கணும்ங்கிறது முக்கியம். பாடிக்கு அடில வச்சா ஆக்சில் கீழ தொங்கும், பட்டை ஸ்பிரிங் வண்டில நல்லாவே தொங்கும். அப்ப பைப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்க மாதிரி தெரியும், சந்தோஷமா டைட் பண்ணிட்டு கீழ இறக்குனா ஆக்சில் மேல வந்து பைப்ல முட்டும். அதனால ஸ்டாண்டை ஆக்சில் குழாய்க்கே அடில வைங்க, வண்டி எடை ஸ்பிரிங் மேல இருக்கட்டும்.

பழசைக் கழட்டுறது

முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டு மேலயும் துரு விடுற எண்ணெய் அடிச்சு விட்டுடுங்க, காலைல ஒரு தடவை திரும்பவும். இந்த எஞ்சின்ல எல்லாம் இஞ்ச் அளவு, மேனிஃபோல்டு நட்டுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் வேணும், 13ம் நம்பரைப் போட்டு சமாளிச்சா முனை மழுங்கிடும். ரிங் ஸ்பேனர் இல்ல பாக்ஸ் ஸ்பேனர்தான், ஓப்பன் ஸ்பேனர் அந்தப் பக்கமே வேணாம்.

பின்னாடி இருந்து முன்னாடி வாங்க. டெயில் பைப், டப்பா எல்லாம் திரும்ப வேணாம்ங்கிறதால வரலைன்னா கிரைண்டர் வச்சு வெட்டிடலாம், ஆனா அதுக்கு முன்னாடி அளவு எடுத்துட்டீங்களா, பேட்டரி ஒயரைக் கழட்டிட்டீங்களா, பெட்ரோல் டேங்க் பின்னாடிதான் இருக்கு தீப்பொறி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தீங்களா. அடியில தார் பூசின வண்டின்னா தீ பிடிக்கும், உள்ள கார்ப்பெட்டையும் தூக்கி விட்டுடுங்க, ஒரு வாளி தண்ணியும் ஒரு ஆளும் பக்கத்துல இருக்கணும். கண்ணாடி போடாம அண்ணாந்து படுத்துக்கிட்டு துருவைத் தட்டாதீங்க, கண் டாக்டர்கிட்ட காந்தம் வச்சு எடுக்குற நிலைமை வரும்.

மேனிஃபோல்டு கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைங்க. அங்க ஒரு ஸ்டட், அதாவது ஹெட்ல முறுக்கி நிக்கிற தலையில்லாத போல்ட், முறிஞ்சா அரை நாள் போச்சு. நட்டு அசையலைன்னா இன்னும் பலம் குடுக்குறது வழி இல்ல, கொஞ்சம் இறுக்கிப் பாருங்க கொஞ்சம் தளர்த்துங்க, முன்ன பின்ன அசைச்சு அசைச்சு எடுங்க. அதுக்கும் வரலைன்னா பக்கத்துல கார்புரேட்டரும் பெட்ரோல் பைப்பும் இருக்குங்கிறதால அதை முதல்லயே கழட்டி ஓரம் வச்சுட்டு, கேஸ் ஃபிளேம் வச்சு நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்கி, சூடு லேசா இறங்கும்போது மெழுகுவர்த்திய ஸ்டட் மேல தேய்ங்க, மெழுகு உருகி மரைக்குள்ள இறங்கும், அப்ப திருப்புனா பெரும்பாலும் வந்துடும். முறிஞ்சே போச்சுன்னா, மிச்சம் நீட்டிக்கிட்டு இருக்க துண்டு மேல ஒரு நட்டை வச்சு உள்ள வெல்டிங் நிரப்பி, அந்தச் சூட்டோடவே திருப்பச் சொல்லுங்க. உள்ள ஓட்டை போட்டு ஈஸி அவுட்டை (முறிஞ்ச போல்ட்டைப் பிடிச்சு வெளிய திருப்புற கருவி) விடுறது கடைசி வழி, அந்த ஈஸி அவுட்டே உள்ள முறிஞ்சுதுன்னா அது டிரில்லுக்கும் மசியாது, ஹெட்டைக் கழட்டி லேத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்.

பழைய பேக்கிங் பத்தி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து பேக்கிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். வயர் பிரஷ் போட்டு தூசி பறக்க விடாதீங்க, ஊதவும் செய்யாதீங்க, தண்ணி தெளிச்சு நனைச்சு பிளேடு வச்சு சுரண்டி ஒரு கவர்ல போட்டுக் கட்டி அப்புறப்படுத்திடுங்க, மாஸ்க்கும் போட்டுக்கங்க.

மேனிஃபோல்டு முகம்

இங்க கொஞ்சம் பொறுமையா இருந்தீங்கன்னா மத்தது சுலபம். இந்த பிஎம்சி பி சீரீஸ் எஞ்சின்ல இன்டேக்கும் (காத்தும் பெட்ரோலும் உள்ள போற வழி) எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங். அதனால பேக்கிங் சரியா உக்காரலைன்னா சத்தம் மட்டும் வராது, இன்டேக் பக்கம் காத்தை இழுத்து ஐடிலிங்கும் கெடும், நீங்க கார்புரேட்டரை நோண்டிக்கிட்டே இருப்பீங்க. மேனிஃபோல்டைக் கழட்டி முகத்தை சுத்தம் பண்ணி ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலை வச்சு வெளிச்சத்துல பாருங்க, இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பாருங்க. கால் மில்லிமீட்டருக்கு மேல நெளிவு இருந்தா லேத்துல குடுத்து முகத்தைச் சமமாக்கிடுங்க. அதுல ஒரு நுணுக்கம் இருக்கு, சில ஸ்டட்ல ஒரே தடி வாஷர்தான் இன்டேக் காதையும் எக்ஸாஸ்ட் காதையும் சேர்த்து அமுக்குது, ஒரு காது மெலிசாவும் இன்னொண்ணு தடியாவும் இருந்தா வாஷர் சாஞ்சு ஒண்ணை மட்டும்தான் பிடிக்கும், இன்னொண்ணு சும்மா நிக்கும். எத்தனை பேக்கிங் மாத்தினாலும் திரும்பத் திரும்ப ஊதுற வண்டிங்கள்ல இதை முதல்ல பாருங்க.

பேக்கிங் வைக்கிறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் வெளிப்பக்கம்னு பாருங்க, ஓட்டை ஹெட்டோட ஓட்டைக்கு நேரா வருதா, எங்கயாவது பேக்கிங் உள்ள நீட்டுதான்னு வெறுமனே வச்சுப் பார்த்துடுங்க. மேல கீழ எதுவும் தடவ வேணாம், முகம் சமமா இருந்தா பேக்கிங்கே போதும். ஸ்டட் மரைல தாமிர கிரீஸ் லேசா. நட்டு எல்லாத்தையும் கையால ஏத்திட்டு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா மாத்தி மாத்தி, ஒரே தடவைல இல்லாம ரெண்டு மூணு சுத்துல இறுக்குங்க. டார்க் ரென்ச் இருந்தா 15 பவுண்ட் ஃபீட், சுமார் 20 நியூட்டன் மீட்டர். அது கைக்கு ரொம்பக் கம்மியா தோணும், அவ்வளவுதான் வேணும், வார்ப்பு இரும்புக் காதுல வீரத்தைக் காட்டாதீங்க.

தொங்கவிட்டுப் பார்க்கிறது

இப்ப புது செட்டை எடுத்து முன் பைப், டப்பா, டெயில் பைப் எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, ஹேங்கர்ல மாட்டி, ஒரு நட்டைக்கூட இறுக்காம விடுங்க. கிளாம்ப்பை பைப் சொருகுறதுக்கு முன்னாடியே மாட்டிக்கணும், மறந்துட்டு அப்புறம் திரும்பக் கழட்டாதவங்க கம்மி. டப்பாவுக்கு புகை உள்ள வர்ற பக்கம், வெளிய போற பக்கம்னு இருக்கு, அம்புக்குறி இருந்தா அது பின்னாடி பார்க்கணும், தண்ணி வடியுற சின்ன ஓட்டை இருந்தா அது கீழ வரணும். சொருகல் 4, 5 சென்டிமீட்டராவது உள்ள போகணும்.

ரப்பரைப் பாருங்க. நேரா கீழ தொங்கணும். ஒரு ரப்பர் பக்கவாட்டுல இழுபட்டு நிக்குதுன்னா பைப் எங்கயோ தப்பான கோணத்துல இருக்கு, அந்த ஜாயின்டைத் திருப்பிப் பாருங்க, நீளத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க. இன்ன பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி, நான் டைட் பண்ணிடுறேன்னு ஒருத்தரைப் பிடிக்கச் சொல்ற நிலைமை வந்துதுன்னா நிறுத்திடுங்க. யாரும் தொடாம அதுவா வந்து நிக்கிற இடம்தான் சரியான இடம். பைப் வளைவே தப்புன்னா கடைக்கு எடுத்துட்டுப் போய் வளைச்சுட்டு வாங்க, ஜாக்கி வச்சு நெம்பி உக்கார வைக்காதீங்க.

இடைவெளிங்க. தரைத் தகடுல இருந்து விரல் ரெண்டு அளவுக்கு, 25 மில்லிமீட்டராவது இருக்கணும். பெட்ரோல் லைன்ல இருந்து 35 மில்லிமீட்டருக்குள்ள எக்ஸாஸ்ட் பைப் வரக்கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதிகள் 113லயே இருக்கு, நான் அதை விட அதிகமாவே விடச் சொல்லுவேன். பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பர் இதெல்லாமும் பாருங்க. ஆக்சிலைத் தாண்டுற இடத்துக்கு ஒரு அளவு இருக்கு: ஆக்சிலுக்கும் அதுக்கு மேல பாடில இருக்க முட்டு ரப்பருக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்னு அளங்க, ஆக்சிலுக்கு மேல போற பைப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல அதை விட அதிகமா இருக்கணும். கல்யாணத்துக்கு ஏழு பேரும் சீர்வரிசைச் சாமானும் ஏத்திக்கிட்டு பள்ளத்துல இறங்குனா ஆக்சில் அந்த முட்டு ரப்பர் வரைக்கும் வரும், அப்ப பைப் நடுவுல இருக்கக் கூடாது.

முன் பைப்புக்கு முதல் பிடிப்பு எஞ்சின் கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து வர பிராக்கெட்டா இருக்கும். உங்க வண்டில அது இருந்து முந்தின மெக்கானிக் கழட்டிப் போட்டிருந்தா திரும்பப் போடுங்க. அது இருந்தாத்தான் பைப் எஞ்சினோட சேர்ந்து ஆடும், இல்லைன்னா மொத்த ஆட்டமும் மேனிஃபோல்டு ஜாயின்ட்ல விழும். அங்க இருந்து பின்னாடி எல்லாமே ரப்பர்தான், கட்டுக்கம்பி போட்டுக் கட்டுறது, பிராக்கெட்டை நேரா தரைத் தகடுல வெல்டிங் வைக்கிறது எதுவும் வேணாம், அம்பாசிடருக்கு தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ், அந்த அதிர்வு முழுக்க உக்காந்திருக்கவங்க முதுகுக்கு வரும், தரையும் விரியும்.

டெயில் பைப் பம்பரைத் தாண்டி கொஞ்சம் வெளிய வரணும். உள்ளயே நின்னுடுச்சுன்னா புகை வண்டிக்கு அடில சுத்தி டிக்கி வழியா உள்ள வரும். பழைய வண்டில டிக்கி ரப்பர், தரை ஓட்டை மூடிகள், கியர் லிவர் ரப்பர் எல்லாம் போயிருக்கும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலின்னு நினைச்சுக்கிட்டே ஓட்டுவீங்க. அந்த ரப்பருங்களையும் இந்த வேலையோட வேலையா மாத்திடுங்க.

இறுக்குறது

முன்னாடி இருந்து பின்னாடி, இந்த வரிசைய மாத்தாதீங்க. முதல்ல மேனிஃபோல்டு-முன் பைப் ஜாயின்ட். காது வச்ச ஜாயின்ட்னா நட்டுகளை மாத்தி மாத்தி, ரெண்டு பக்கமும் இடைவெளி சமமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே. கூம்பு வச்சு கிளாம்ப் போடுற ஜாயின்ட்னா கிளாம்ப்பை இறுக்கும்போது பைப்பை லேசா ஆட்டிக் குடுங்க, அப்பதான் கூம்பு சரியா உக்காரும். அடுத்து கியர்பாக்ஸ் பிராக்கெட், அடுத்து முன் பைப்-டப்பா சொருகல், அப்புறம் டெயில் பைப், கடைசில ஹேங்கர் போல்ட். ஒவ்வொண்ணு முடிச்சதும் ரப்பரைத் திரும்பப் பாருங்க. கிளாம்ப்போட நீட்டிக்கிட்டிருக்க போல்ட் முனைகளை பக்கவாட்டுலயோ மேல பார்த்தோ வைங்க, கீழ நீட்டுனா நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் மொத்தத்தையும் இழுத்துடும். சொருகல்ல சைலன்சர் பேஸ்ட் மெலிசா தடவலாம், ஆனா பொருந்தாத பைப்பைப் பேஸ்ட் வச்சு அடைக்க முடியாது.

வெல்டிங் வச்சுடலாம்னு மெக்கானிக் சொல்லுவார். ஒரு ஜாயின்டாவது கிளாம்ப்லயே விடுங்க, அடுத்த தடவை கியர்பாக்ஸ் இறக்கும்போது நன்றி சொல்லுவீங்க. வேணும்னா வண்டிலயே ரெண்டு பொட்டு வெல்டிங் மட்டும் வச்சு, கழட்டிக் கீழ இறக்கி முழுசா வெல்டிங் பண்ணி மாட்டலாம்.

ஓட்டிப் பார்க்கிறது

வெட்டவெளில ஸ்டார்ட் பண்ணுங்க, ஷெட்டுக்குள்ள வேணாம். குளிர்ந்து இருக்கும்போதே ஒருத்தர் கெட்டி ஈரத்துணிய டெயில் பைப் வாய்ல சில நொடி அமுக்கணும், நீங்க அடில ஜாயின்ட் ஜாயின்டா உஸ்ஸுன்னு சத்தம் வருதா பாருங்க, சோப்புத் தண்ணி அடிச்சா நுரை காட்டிக் குடுத்துடும். லீக் இல்லைன்னா எஞ்சின் திணறி நிக்கப் பார்க்கும், அதுதான் நல்ல அறிகுறி. முதல் கால் மணி நேரம் எண்ணெய், பெயின்ட் கருகுற நாத்தமும் புகையும் வரும், பயப்பட வேணாம். அப்புறம் மேடு பள்ளமான ஒரு ரோட்டுல ஓட்டிப் பாருங்க, டங்குன்னு எங்க இடிக்குதுன்னு கேளுங்க, திரும்பி வந்து அடில பார்த்தா இடிச்ச இடம் பளபளன்னு தேஞ்சு தெரியும்.

வண்டி முழுசா ஆறினதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கணும், ஒரு வாரம் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவை. புது பேக்கிங் சூட்டுல அமுங்கும், நட்டு தானா தளர்ந்த மாதிரி ஆகும். இந்த ரெண்டாவது தடவையத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

புகை டெஸ்ட்டுக்குப் போறதுன்னா அந்த ரெண்டாவது இறுக்கலுக்கு அப்புறம் போங்க, பின்னாடி ஜாயின்ட்ல லீக் இருந்தா வெளிக்காத்து கலந்து மெஷின் காட்டுற அளவே மாறிடும். சைலன்சர் டப்பா இல்லாம வெறும் பைப் போட்டு ஓட்டுறது விதி 120 படி தப்பு, பழைய வண்டின்னு விலக்கு கிடையாது. முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின வண்டிய 2021ல வந்த விண்டேஜ் விதில பதியலாம்னு யோசிக்கிறவங்க, சேசிஸ், பாடி, எஞ்சின் மாத்தாம ஒரிஜினலா இருக்கணும்னு அதுல கேக்குறாங்க, அதனால ஹேங்கர் பிராக்கெட் வைக்க தரைத் தகட்டை வெட்டுறது, ஓட்டை போடுறதெல்லாம் வேணாம், பழைய பிராக்கெட் இடத்துலயே வேலைய முடிங்க. வாங்குன பில்லையும் கழட்டுனது மாட்டுனது போட்டோவையும் ஒரு ஃபைல்ல போட்டு வச்சுக்கங்க, வண்டிய விக்கிறப்பவும் உதவும்.